பக்கத்தைப் பார்த்தால் போதாது, ஹெடரையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரியில் நீர்வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டத் தடை போடுகிறார்கள். தண்ணீர் வடிந்ததும் எடுக்கிறார்கள். பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டிகளில் தக்காளிக்கு இன்று ஒரு விலை, நாளை ஒரு விலை. தருமபுரி பட்டுக்கூடு அங்காடியின் ஏல விலையும் அப்படித்தான். இதையெல்லாம் போனில் பார்த்துவிட்டுத்தான் இப்போது பலர் வண்டி எடுக்கிறார்கள். ஆனால் தளத்தில் காலையிலேயே மாற்றிப் போட்ட அறிவிப்பு, படிப்பவர் கையில் நேற்றையதாகவே நிற்பது உண்டு. "நெட் ஸ்லோ", "போன் பழசு" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். பல நேரங்களில் குற்றம் இரண்டிலும் இல்லை. சர்வர் அனுப்பும் பதிலின் தலைமாட்டில் இருக்கும் நாலைந்து வரிகளில் இருக்கிறது. ரெஸ்பான்ஸ் ஹெடர் என்று சொல்வது அதைத்தான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் வலை நிரல் படிக்கும் மாணவர்களும், ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ளூர் தளங்களைச் செய்து கொடுப்பவர்களும், அவர்களிடம் வேலையை வாங்கிக்கொள்ளும் அலுவலகங்களும் படிக்க வேண்டும் என்றுதான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

சர்வர் ஒரு பக்கத்தை அனுப்பும்போது முதலில் போவது நிலை வரி. 200, 404, 500 என்று வரும் எண் அதில் இருக்கிறது. அதன் பின் ஹெடர் வரிகள், பிறகு ஒரு வெற்று வரி, அதன் பிறகுதான் நாம் கண்ணால் பார்க்கும் பக்கம். மாங்கூழ் ஏற்றிய லாரியோடு பில் போகிற மாதிரி: உள்ளே என்ன சரக்கு, எவ்வளவு எடை, எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் பில்லில் இருக்கும். லாரி கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டிய பிறகு பில்லைத் திருத்தப் பார்த்தால் நடக்காது. வெற்று வரி போன பிறகு ஹெடரைத் திருத்தவும் வழி கிடையாது. சர்வர் நிரலில் வரும் தொல்லைகளில் நல்ல பங்கு இந்த ஒரு விதியை மறந்ததால் வருவது.

பழைய அறிவிப்பு விஷயத்தை முதலில் சொல்கிறேன். ஒரு பக்கத்தைப் பிரவுசர் எவ்வளவு நேரம் தன் கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், வைத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்வது கேஷ்-கன்ட்ரோல் என்ற ஹெடர். மேக்ஸ்-ஏஜ் என்று போட்டு நொடிக் கணக்கில் எண் தருவார்கள். 86400 என்றால் ஒரு நாள். எங்கிருந்தோ எடுத்த அமைப்புக் கோப்பை அப்படியே ஒட்டி, தளம் முழுவதற்கும் 86400 போட்டுவிட்டால், பரிசல் தடை அறிவிப்பும் அந்தக் கணக்கில்தான் வரும். நேற்று மதியம் பார்த்தவருக்கு இன்று மதியம் வரை பிரவுசர் சர்வரைக் கேட்கவே கேட்காது.

சரி, கேஷ்-கன்ட்ரோலே போடாமல் விட்டால்? பலர் நினைப்பது போல அது பத்திரமான வழி இல்லை. ஹெடர் இல்லாதபோது பிரவுசர் தானாக ஒரு கணக்குப் போடலாம் என்று விதியே இருக்கிறது. 2022 ஜூனில் வந்த, கேஷ் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 9111 என்ற ஆவணம் அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் அளவு, கடைசியாக மாறியதிலிருந்து ஓடிய காலத்தில் பத்து சதவீதம். சாதாரண எச்டிஎம்எல் கோப்பாக வைத்த அறிவிப்பு பத்து நாளாக மாறாமல் இருந்தால், அதை இன்னும் ஒரு நாள் புதிது என்றே பிரவுசர் எடுத்துக்கொள்ளக்கூடும். அடிக்கடி மாறாத பக்கம் திடீரென்று மாறும் நாளில்தான் இது காலை வாரும். பரிசல் தடை போடும் நாளும் அப்படிப்பட்ட நாள்தான்.

இங்கே நோ-கேஷ், நோ-ஸ்டோர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நோ-கேஷ் என்றால் சேமிக்காதே என்று பொருள் இல்லை. சேமித்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டுவிட்டுக் காட்டு என்று பொருள். நோ-ஸ்டோர்தான் சேமிக்கவே கூடாது என்பது. விலை, நீர்வரத்து, தடை அறிவிப்பு போன்றவற்றுக்கு நோ-கேஷ் போட்டு, கூடவே ஈடேக் என்ற ஹெடரையும் அனுப்புவதே சரி. ஈடேக் என்பது பக்கத்தின் இன்றைய வடிவத்துக்குச் சர்வர் வைக்கும் அடையாளக் குறி. அடுத்த முறை பிரவுசர் அந்தக் குறியைத் திருப்பிக் காட்டி "இது இன்னும் அதேதானா?" என்று கேட்கும். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று மட்டும் பதில் சொல்லும். பக்கம் திரும்பப் போகாது. அஞ்செட்டி மலைப்பாதையிலும் வத்தல்மலையிலும் சித்தேரியிலும் சிக்னல் ஒரு கோடாக இருக்கும்போது, முழுப் பக்கத்துக்கும் 304க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

மதிப்பெண், பட்டா, மருத்துவ அறிக்கை போன்ற தனியாள் விவரங்களுக்கு நோ-ஸ்டோர் போடுங்கள். குறைந்தது பிரைவேட் என்றாவது இருக்க வேண்டும். தளத்துக்கு முன்னால், பக்கத்தின் பிரதியை வைத்துக்கொண்டு பலருக்கும் தரும் சிடிஎன் போன்ற பொதுக் கேஷ் இருந்து, இந்தப் பக்கத்தில் பப்ளிக் என்று போட்டிருந்தால், ஒரு மாணவரின் மதிப்பெண் பக்கம் இன்னொருவருக்குப் போய்ச் சேரும். ஒரே முகவரியில் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறித் தரும் தளங்களுக்கும் இதே ஆபத்து சிறிய அளவில் உண்டு. எதைப் பார்த்து மொழியை மாற்றுகிறோம் என்பதை வேரி ஹெடரில் சொல்லாவிட்டால், முதலில் வந்தவர் கேட்ட மொழியே பின்னால் வருகிறவர்களுக்கும் கிடைக்கும். மொழிக்கு ஒரு முகவரி வைப்பது இன்னும் நல்லது.

நேரக் கணக்கில் ஒரு பிழை. எக்ஸ்பயர்ஸ் என்ற பழைய ஹெடரில் நேரத்தை ஜிஎம்டியில், அதாவது கிரீன்விச் நேரத்தில்தான் எழுத வேண்டும். காலை 10:30க்குக் காலாவதியாக வேண்டிய பக்கத்துக்கு நம் ஊர் நேரத்தையே போட்டு, ஓரத்தில் ஜிஎம்டி என்று சேர்த்தால் அது மாலை 4:00 மணி ஆகிவிடும். ஐந்தரை மணி நேரம் கூடுதலாகப் பழைய விலை நிற்கும். மேக்ஸ்-ஏஜில் மண்டல நேரமே கிடையாது என்பதால் இந்தப் பிழைக்கு அதில் இடமில்லை; இரண்டும் இருந்தால் மேக்ஸ்-ஏஜின் பேச்சுதான் எடுபடும்.

"என் மெஷின்ல சரியா வருதே" என்று தளம் செய்தவர் சொல்வது பொய்யில்லை. அவர் டெவலப்பர் கருவியைத் திறந்து, கேஷை முடக்கும் கட்டத்தில் டிக் போட்டு வைத்திருப்பார். அல்லது ரீலோடு பொத்தானை அழுத்துவார்; அப்படி அழுத்தினால் பிரவுசர் அந்தப் பக்கத்தைச் சர்வரிடம் மறுபடி கேட்டுவிடும். பொதுமக்கள் ரீலோடு அழுத்துவதில்லை. இணைப்பைத் தொட்டு உள்ளே வருகிறார்கள். அவர்களுக்குத்தான் பழையது வரும். டிக்கை எடுத்துவிட்டு, முகப்பிலிருந்து இணைப்பைத் தொட்டு வந்து பாருங்கள்.

அடுத்தது, சர்வர் நிரல் மொழியான பிஎச்பி படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரு முறையாவது பார்க்கும் பிழை: ஹெடர் ஏற்கெனவே போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்ற செய்தி. அந்தச் செய்தியில் இரண்டு இடங்கள் இருக்கும். ஹெடர் கட்டளை எழுதிய வரி ஒன்று. அடைப்புக்குறிக்குள், வெளியீடு எங்கே தொடங்கியது என்று சொல்லும் கோப்பும் வரி எண்ணும் இன்னொன்று. எல்லோரும் முதலாவதைத் திறந்து மணிக்கணக்காகப் பார்க்கிறார்கள். நோய் இருப்பது அடைப்புக்குறிக்குள்.

அங்கே முதல் வரி என்று காட்டி, திறந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை என்றால், பெரும்பாலும் அது பிஓஎம். யுடிஎஃப்-8 என்ற குறிமுறையில், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறையில், சேமித்த கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் உட்காரும் மூன்று பைட்டுகள் அவை. விண்டோஸ் 10இன் 1903 பதிப்புக்கு முன் இருந்த நோட்பேடில் யுடிஎஃப்-8 என்று சேமித்தாலே இவை சேர்ந்துவிடும். ஆய்வகங்களில் பழைய கணினிகள் இன்னும் இருக்கின்றன. எடிட்டரில் பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8 என்று தேர்ந்து மறுபடி சேமித்தால் தீர்ந்தது. கடைசி வரியைக் காட்டினால், பிஎச்பியை மூடும் குறிக்குப் பின் வெற்று வரிகள் இருக்கும். மூடும் குறியை ஒட்டி வரும் ஒரு வரி முறிவை பிஎச்பி தானே விழுங்கிவிடும். இரண்டாவது வரியோ ஒரு இடைவெளியோ இருந்தால் அது வெளியே போய்விடும். பிஎச்பி மட்டுமே உள்ள கோப்பில் மூடும் குறியை எழுதாமல் விடுவதே வழக்கமாக இருக்கட்டும்.

இதில் தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. பிஎச்பியோடு வரும் மாதிரி அமைப்புக் கோப்புகளில் வெளியீட்டை 4096 பைட் வரை பிடித்து வைக்கச் சொல்லியிருக்கும். அது நிரம்பி வெளியே போகும் வரை ஹெடரை மாற்றலாம். அமைப்புக் கோப்பே இல்லாத சர்வரில் அந்தப் பிடிப்பு கிடையாது. ஆய்வகத்தில் ஓடியது வெளிச் சர்வரில் உடைவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று: ஒரு தமிழ் எழுத்துக்குறி யுடிஎஃப்-8இல் 3 பைட். 4096 பைட் என்பது ஏறத்தாழ 1365 குறிகளில் நிரம்பிவிடும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் நாலாயிரம் எழுத்து போகும். அதனால் ஒரே நிரல், ஆங்கிலப் பக்கத்தில் ஓடும். தமிழ்ப் பக்கத்தில் பிழை தரும். மொழியின் மேல் பழி போட்டு, அறிவிப்பைப் படமாக்கி ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் படத்தைத் தேடவும் முடியாது, கண் தெரியாதவர்களின் போன் அதை வாசிக்கவும் செய்யாது. நிரலில் மாற்ற வேண்டியது வரிசை மட்டும்தான். கணக்கு, சோதனை, ஹெடர் எல்லாம் முடிந்த பிறகே முதல் எழுத்தை அச்சிட வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்டில் நோட், எக்ஸ்பிரஸ் கொண்டு சர்வர் நிரல் எழுதுபவர்களுக்கு இதே பிழை வேறு உருவில் வரும். நிபந்தனைக்குள் ஒரு பதிலை அனுப்பிவிட்டு ரிட்டர்ன் போட மறந்தால், நிரல் கீழே இறங்கி இரண்டாவது பதிலையும் அனுப்பப் பார்க்கும். பிஎச்பியில் இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. உள்நுழையாதவரை லொகேஷன் ஹெடர் கொடுத்து வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டு, அடுத்த வரியில் எக்ஸிட் எழுதாமல் விடுவது. லொகேஷன் என்பது பிரவுசருக்குச் சொல்லும் செய்தி மட்டும். அது நிரலை நிறுத்தாது. கீழே இருக்கும் பட்டியல் முழுவதும் பதிலின் உடலில் போய்க்கொண்டே இருக்கும். பிரவுசர் திரும்பிவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. திருப்பலைப் பின்தொடராத கருவி கொண்டு கேட்பவருக்கு அத்தனையும் தெரியும். இதை வாய்மொழித் தேர்வில் கட்டாயம் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

எழுத்து உடைவது பற்றி. கன்டென்ட்-டைப் ஹெடரில் யுடிஎஃப்-8 என்று சொல்லாமல் விட்டால், அல்லது வேறு குறிமுறை சொன்னால், த என்ற எழுத்து மூன்று துண்டாகும்: தலையில் கோடு போட்ட ஓர் ஐரோப்பிய எழுத்து, வட்டத்துக்குள் ஆர், அதன் பக்கத்தில் ஒரு நாணயக் குறி. பக்கத்தின் உள்ளே மெட்டா குறியில் யுடிஎஃப்-8 எழுதியிருக்கிறோமே என்பார்கள். ஹெடரும் மெட்டாவும் முரண்பட்டால் பிரவுசர் ஹெடரைத்தான் நம்பும். பிஎச்பி 5.6 முதல் இது தானாகவே சரியாகப் போகிறது. சாதாரண உரைக் கோப்புகளிலும் கையால் எழுதிய நோட் சர்வர்களிலும்தான் கவனம் தேவை.

கன்டென்ட்-லெங்த் என்ற ஹெடர் உடலின் நீளத்தைச் சொல்வது. கணக்கு பைட்டில், எழுத்தில் இல்லை. தமிழ் என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று 5 குறி. பைட்டில் 15. ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் 5 என்று சொல்லும். அதை அப்படியே ஹெடரில் வைத்தால் பிரவுசர் 5 பைட்டோடு நிறுத்திக்கொள்ளும்: த முழுசாக வரும், ம-வின் இரண்டு பைட்டுகள் மட்டும் வந்து கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டமாக நிற்கும். இணைப்பு திறந்தே இருந்தால் மீதி 10 பைட் அடுத்த பதிலின் தலையில் போய் ஒட்டி அதையும் கெடுக்கக்கூடும். பிஎச்பியில் இது தலைகீழ். தமிழுக்கு எப்போதும் குறிகளை எண்ணும் எம்பி-ஸ்டர்லென் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள்; இந்த ஓர் இடத்தில் சாதாரண ஸ்டர்லென்தான் சரி, அது பைட்டைத்தான் எண்ணுகிறது. எண்ணாமல் சர்வர் மென்பொருளிடமே விட்டுவிடுவது இன்னும் சரி. ஜிஜிப் சுருக்கம் நடுவில் வந்தால் கையால் போட்ட எண் எப்படியும் பொய்யாகிவிடும்.

பதிவிறக்கக் கோப்புக்குத் தமிழ்ப் பெயர் வைப்பதைப் பலர் முடியாத காரியம் என்றே விட்டுவிட்டார்கள். ஹெடரில் தமிழை அப்படியே வைத்தால் நோட் பிழை சொல்லி நின்றுவிடும் என்பது உண்மை. வழி இதுதான்: கன்டென்ட்-டிஸ்போசிஷன் ஹெடரில் ஃபைல்நேம் என்று ஓர் ஆங்கிலப் பெயர், அதன் பின் நட்சத்திரக் குறியிட்ட ஃபைல்நேம் என்று இன்னொன்று. இரண்டாவதில் யுடிஎஃப்-8 என எழுதி, இரண்டு ஒற்றை மேற்கோள் போட்டு, பெயரைச் சதவீதக் குறியாக்கத்தில் தர வேண்டும். தருமபுரி என்ற பெயர் 8 குறி, 24 பைட், குறியாக்கத்தில் 72 எழுத்தாக நீளும்; பயப்பட வேண்டாம், பிரவுசர் அதைத் தமிழாகவே காட்டும். பிஎச்பியில் ரா-யுஆர்எல்-என்கோடு பயன்படுத்துங்கள். யுஆர்எல்-என்கோடு இடைவெளியைக் கூட்டல் குறியாக்கிவிடும். விலைப்பட்டியலை சிஎஸ்வியாகத் தருபவர்கள் உள்ளடக்கத்தின் தொடக்கத்தில் அந்த பிஓஎம் மூன்று பைட்டைச் சேர்த்து அனுப்புங்கள். எக்செல் அதைப் பார்த்துத்தான் தமிழை அடையாளம் காண்கிறது. நிரல் கோப்பில் இருந்தால் கெடுப்பது, இங்கே இல்லாவிட்டால் கெடும்.

நிலை எண்ணைப் பற்றிச் சுருக்கமாக. பிழைச் செய்தியை 200 என்ற எண்ணோடு அனுப்பாதீர்கள். தேடுபொறியும் கேஷும் அதை நல்ல பக்கம் என்று வைத்துக்கொள்ளும். தேர்வு முடிவு நாளில் சர்வர் திணறினால் 503 கொடுத்து, ரீட்ரை-ஆஃப்டரில் 120 என்று நொடி சொல்லுங்கள். முகவரியைத் தற்காலிகமாக மாற்ற 302. நிரந்தர மாற்றம் என்று சொல்லும் 301ஐப் பிரவுசர் மனதில் வைத்துக்கொண்டு, நீங்கள் பின்னால் மாற்றினாலும் பழைய வழியிலேயே போகும். படிவம் அனுப்பிய பின் 303 கொடுத்தால், ரீலோடு செய்யும்போது மனு இரண்டு முறை பதிவாகாது.

பாதுகாப்பு ஹெடர்களை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதில்லை. என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் ஆட்-ஹெடர் என்ற கட்டளைக்கு இரண்டு குணம். சர்வர் பகுதியில் மூன்று ஹெடர் எழுதி, உள்ளே படங்களுக்கான லொகேஷன் பகுதியில் ஒரே ஒரு கேஷ் ஹெடர் சேர்த்தால், மேலே எழுதிய மூன்றும் அந்தப் பகுதிக்கு வராது. இறங்கி வரும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் உள்ளே ஒன்று இருந்தாலே மேலே உள்ளவை விட்டுப்போகும். இரண்டாவது, கடைசியில் ஆல்வேஸ் என்று எழுதாவிட்டால் 404, 500 போன்ற பிழைப் பக்கங்களுக்கு அவை போகாது. எச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே வா என்று பிரவுசருக்குச் சொல்லும் எச்எஸ்டிஎஸ் ஹெடரைப் போடும்போது துணைத்தளங்களையும் சேர்க்கும் சொல்லை ஒட்டிவிடாதீர்கள். சான்றிதழ் இல்லாத ஒரு துணைத்தளம் இருந்தாலும், சொன்ன காலம் முடியும் வரை, 31536000 என்றால் ஓர் ஆண்டு, அது அந்தப் பிரவுசரில் திறக்காது. உள்நுழைவுக் குக்கிக்கு செக்யூர், எச்டிடிபி-ஒன்லி, சேம்சைட் மூன்றும் இருக்கட்டும்.

சோதிக்கச் செலவு ஒன்றும் இல்லை. குரோமில் எஃப்12 அழுத்தி, பக்கத்தை மறுபடி திறந்து, நெட்வொர்க் பகுதியில் முதல் வரியைத் தொட்டால் ஹெடர் முழுவதும் தெரியும். கட்டளை வரியிலிருந்து பக்கத்தைக் கேட்கும் கர்ல் கட்டளையும் போதும். பெரிய ஐ போட்டால் ஹெடரை மட்டும் கேட்கும் ஹெட் கோரிக்கை போகும், சில நிரல்கள் அதற்கு வேறு பதில் தரும். சின்ன ஐ போட்டால் கெட் கோரிக்கையே போய் ஹெடரும் பக்கமும் சேர்ந்து வரும். முகப்பு, அறிவிப்பு, உள்நுழைவு, ஒரு பதிவிறக்கம், இல்லாத ஒரு முகவரி என்று ஐந்து இடத்தில் பார்த்துவிடலாம், பத்து நிமிடம் ஆகும்.

வலைத்தளம் செய்யச் சொல்லும் அலுவலகங்கள் வேலையை ஏற்கும் முன் இந்த ஐந்தின் ஹெடரையும் அச்செடுத்துக் கோப்பில் வைக்கச் சொல்ல வேண்டும். கல்லூரிகள் ஆய்வகத் தேர்வில் ஸ்கிரீன்ஷாட்டோடு ஹெடரின் பிரதியையும் ஒட்டச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் தர வேண்டும். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் இதற்கு இடம் தந்தால், வரும் பருவத்தில் ஆற்றில் தண்ணீர் ஏறும் முன்பே சிலராவது தங்கள் அறிவிப்புப் பக்கத்தின் மேக்ஸ்-ஏஜைத் திருத்திவிடுவார்கள்.

இப்படிக்கு,
சர்வர் நிரல் எழுதும் வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.